கூடத்துக்குள் ஒரு கூடாரம்

அப்பா வீட்டுக் கதவைத் திறந்ததும் பாப்பாவின் கண்ணில் பட்டவை நான்கு பாதங்கள்.

கூடத்தின் நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு கூடாரம் உப்பிக்கொண்டு நின்றது. அதன் வாசல் வழியாக இரண்டு பாதங்கள் சாம்பல் நிறக் காலுறையோடு வெளியே நீண்டிருந்தன. அவை அப்பாவுடையவை. பக்கத்தில் இருந்தவை நகத்தில் சிவப்புச் சாயம் பூசியவை.

"தலை இடிக்குதா டீச்சர்?" உள்ளேயிருந்து அப்பாவின் குரல்.

"தலை இடிக்கல சார். காலுதான் தெருவுல நிக்குது. கடைக்காரன் நீளத்துல நம்மள ஏமாத்திட்டான்."

பாப்பாவுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் அப்பாவுக்கு அவள் பாப்பாதான். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுவதும் அடுத்தவர் கையில் ஊசி குத்துகிறவள், சத்தமில்லாமல் கிட்டே போவது அவளுக்குத் தொழில் பழக்கம். காலையில் கீழ்வீட்டு அம்மாள் போன் செய்து, "உங்கப்பா வடக்க ஏதோ பாலைவனத் திருவிழாவுக்குப் போறாராமே, டென்ட்ல தங்கப் போறாராமே, நீ சொல்லவே இல்லையே?" என்று தேன் சொட்டச் சொட்டக் கேட்டிருந்தாள். அப்பா மகளிடம் சொன்ன கதை வேறு. பழைய நண்பர் வீட்டுக் கல்யாணம், போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்றிருந்தார்.

"கல்யாணத்துக்குப் பந்தல் போட்டாச்சு போல," என்றாள் பாப்பா.

நான்கு பாதங்களும் ஆமையின் கால்களைப் போல உள்ளே இழுத்துக்கொண்டன.

முதலில் வெளியே வந்தது டீச்சரின் தலை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் 'கிளட்ச்'. ஓய்வு பெற்ற பிறகு எதற்கு இந்த வயதில் கார் என்று எல்லோரும் கேட்டபோது, சும்மா இருப்பதற்கு லைசென்ஸாவது வாங்குகிறேன் என்று போனவர் அப்பா. அம்மா போய் இரண்டு வருடமாகிறது, ஏதோ பொழுதுபோகட்டும் என்று பாப்பாவும் விட்டுவிட்டாள்.

"வாம்மா," என்றார் டீச்சர்.

"எங்க வீட்டுக்கு என்னையே வான்னு சொல்றீங்களா மேடம்? லைசென்ஸ் வாங்கப் போனவரு உங்களையும் சேர்த்து வாங்கிட்டு வந்துட்டாரு. நல்ல ஸ்கூல்தான்."

அப்பா முழங்காலில் தவழ்ந்து வெளியே வந்தார். மகளைப் பார்த்ததும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சும்மா போட்டுப் பாத்தோம் பாப்பா. அங்க போய் முழிக்கக் கூடாதில்ல. முதல் தடவை."

சோபா பால்கனிக்குப் போயிருந்தது. தரையில் ஓடு பதித்திருந்ததால் முளை அடிக்க வழியில்லை, ஆகவே கூடாரத்தின் கயிறுகளைக் கிடைத்ததில் எல்லாம் கட்டியிருந்தார்கள். ஒன்று ஜன்னல் கம்பியில், ஒன்று சாப்பாட்டு மேசைக் காலில், ஒன்று ஃப்ரிட்ஜின் அடியில். வாழ்நாள் முழுவதும் எலக்ட்ரீஷியனாக இருந்தவர் அல்லவா, கூடாரத்துக்குள் ஒரு பல்பும் சுவிட்சும்கூட வைத்திருந்தார்.

"பாலைவனத்துல எந்தக் கம்பத்துல கொக்கி போடப் போறீங்க?"

"பேட்டரிம்மா," என்றார் அப்பா, கொஞ்சம் பெருமையாகவே.

அப்போதுதான் பாப்பா நான்காவது கயிற்றைப் பார்த்தாள். அது அம்மாவின் பீரோ கைப்பிடியில் கட்டியிருந்தது.

நேராகப் போய் முடிச்சை அவிழ்த்து, கயிற்றை வெடுக்கென்று இழுத்தாள். கூடாரம் ஒரு பக்கம் சாய்ந்து, அப்பாவின் தலைமேல் சரிந்து, உள்ளே எதுவோ படாரென்று முறிந்தது.

"பிரேக் போடு பாப்பா!" என்று கத்தினார் டீச்சர்.

"என்னப் பாப்பான்னு கூப்பிடாதீங்க. அது அப்பா கூப்பிடற பேரு."

"வேற பேரு எனக்குத் தெரியாதே. உங்கப்பா வாயைத் திறந்தா இது ஒண்ணுதான் வருது."

அப்பா துணிக்குள்ளிருந்து வழி தேடி வெளியே வந்தார். முடி கலைந்திருந்தது. கையில் கூடாரத்தின் கம்பு, நடுவில் நாராகப் பிளந்து தொங்கியது. நாளைக்கு விடியும் முன்னே கிளம்ப வேண்டும். இன்று ஞாயிறு, கடை ஒன்றும் திறந்திருக்காது. பாப்பாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

"காலேஜ்ல எல்லாரும் டூர் போனப்ப, பொம்பளப் பிள்ளை டென்ட்ல தங்கறதான்னு என்ன வீட்டுல உக்கார வச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. இப்பக் கேட்டாலும் அனுப்ப மாட்டேன்," என்றார் அப்பா. பேசிக்கொண்டே கருவிப் பெட்டியைத் திறந்து ஒரு அலுமினியக் குழாய்த் துண்டை எடுத்தார். ரம்பத்தை வைத்தார். "பிடி."

பாப்பாவின் கை போய்க் குழாயைப் பிடித்துக்கொண்டது. அவளைக் கேட்டு அது போகவில்லை. அப்பா மின்விசிறி மாட்டினால் ஏணியைப் பிடிப்பது, இருட்டில் ஃபியூஸ் போட்டால் டார்ச்சைப் பிடிப்பது, சின்ன வயதிலிருந்து அவள் வேலை. அப்பா பிடி என்றால் கேள்வி கேட்கக் கூடாது, விடக் கூடாது. எதைச் சரிசெய்ய உதவிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தபோது ரம்பம் பாதி இறங்கிவிட்டிருந்தது.

"விட்டுடாத, கைல இறங்கிடும்," என்றார் அப்பா. "டீச்சர், நீங்க அந்த முனைய."

டீச்சர் எதிரில் வந்து உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்தார். ஒரு முழக் குழாய்க்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு பெண்கள், எலியும் பூனையும் ஒரே வண்டியில் போவதைப் போல.

"அம்மா இருந்திருந்தா இது நடக்குமா?"

"நடக்காது. அவளுக்கு மணல் ஆகாது. கடற்கரையிலகூடச் செருப்பக் கழட்ட மாட்டா."

"விளையாடாதீங்கப்பா. அம்மா பீரோவுல கயிறு கட்டி இவங்களுக்குக் கூரை போட்டிருக்கீங்க."

ரம்பம் நின்றது. டீச்சரின் முகம் சிவந்துவிட்டது.

"நான் வெளிய நிக்கவா சார்?"

"வேண்டாம். பிடிங்க," என்றார் அப்பா. பிறகு, மகளைப் பார்க்காமலே, "கயிறு கட்டினது நான்தான். அவங்க வேணாம்னாங்க. தப்பு என்னுது. அவங்கள வையாத."

பாப்பாவிடம் கடைசியாக ஓர் ஆயுதம் இருந்தது. அம்மா போன பிறகு அப்பா எதற்குக் கிளம்பினாலும் அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், 'சரி விடு, போகல' என்று சட்டையைக் கழற்றி மாட்டிவிடுவார். சீட்டாட்டக் கிளப் அப்படித்தான் நின்றது. அப்பா தன் தம்பி ஊருக்குக் குடிபோவதும் அப்படித்தான் நின்றது.

"போகாதீங்கப்பா," என்றாள்.

அப்பா குழாயைக் கம்பின் முறிவின்மேல் செருகினார். கறுப்பு டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றினார். டீச்சர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்த வார்த்தையின் பலம் தெரிந்திருந்தது போலிருக்கிறது.

"நாளைக்கு இருட்டோட கிளம்பறோம்," என்றார் அப்பா. "டீச்சர் வண்டி ஓட்டறாங்க. திருவிழா முடியிற வரைக்கும் அங்கதான். கல்யாணம்னு சொன்னது பொய். உனக்குப் பயந்துதான் சொன்னேன்."

"இப்பப் பயம் போயிடுச்சாக்கும்?"

"எங்க போச்சு?" டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். "பயம் இருக்கு. இருந்தாலும் போறேன்."

பாப்பா கையை எடுத்தாள். கம்பு நேராக நின்றது. இத்தனை நாளில் அந்த ஒரு வார்த்தைக்கு மேல் பேச வேண்டிய அவசியமே அவளுக்கு வந்ததில்லை.

எழுந்தபோது சுவரோரம் திறந்து கிடந்த பையைப் பார்த்தாள். மெல்லிய பருத்திச் சட்டைகள், குடை, கைவிசிறி, டீச்சரின் கறுப்புக் கண்ணாடி. வெயிலுக்கு மட்டுமே மூட்டை கட்டியிருந்தார்கள். பாலைவனத்தில் பொழுது சாய்ந்தால் குளிர் எலும்பைக் கடிக்கும் என்பதைக் காலையில்தான், இந்தப் பயணத்தைத் தடுக்கக் காரணம் தேடியபோது, போனில் படித்திருந்தாள். சொல்லாமல் போய்விடலாம். ஒரே ராத்திரியில் தும்மிக்கொண்டு திரும்பி வருவார்கள்.

செருப்பை மாட்டினாள். கதவைத் திறந்தாள்.

"ராத்திரி அங்க குளிரும். போய் விறைச்சுக் கிடங்க ரெண்டு பேரும்!" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

"பாலைவனத்துலயா குளிரும்?" டீச்சரின் குரல் படிக்கட்டு வரை துரத்தி வந்தது. "ஏம்மா, நில்லு! எத்தனை போர்வை எடுத்துக்கணும்?"

பதில் சொல்லக் கூடாது என்றுதான் பாப்பா கீழ்ப்படி வரை போனாள். கேட்டைத் திறந்தாள். பிறகு நிமிர்ந்து, பால்கனியில் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த டீச்சரைப் பார்த்துக் கத்தினாள்.

"அப்பாவுக்கு ரெண்டு. உங்களுக்கு ஒண்ணு போதும்!"

அவள் அறைந்த அறையில் கேட் அதிர்ந்து, கீழ்வீட்டு ஜன்னல் திறந்துகொண்டது.