தொழில் நடைபெறும் இடம்

வீடு வீடாகப் போய், பெண்களுக்குக் கைகால் நோவுக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறவள் நான். பெயர் அந்தோனியம்மா. ஊர்காவற்றுறையில் வீடு. பதினெட்டு வருஷமாக, வள்ளம் கிடைத்தால் நெடுந்தீவு வரைக்கும் போய் வந்திருக்கிறேன்.

கப்பலுக்குப் போன என் மகன் பிலிப்பு பதினொரு வருஷமாகக் கடிதம் போடவில்லை. வீட்டில் நான் ஒருத்திதான். அயலவருக்கு இது தெரியும். புளியங்கூடல் சிவக்கொழுந்து அக்காவுக்கு மட்டும் வேறு கதை சொல்லி வைத்திருந்தேன். பாரிசவாதத்தில் படுக்கையாய்க் கிடக்கிற மனுசி. செவ்வாய் தோறும் அவருடைய இடக்கையை உருவிக்கொண்டே, மகன் திரும்பி வந்தது, கலியாணம் முடித்தது, மருமகளின் வாய், பேரனின் குழப்படி என்று அளந்துகொண்டிருப்பேன். அந்த ஒரு வீட்டிலாவது நான் தனிச்ச மனுசி இல்லை. அவர் எழும்பி வந்து பார்க்கப்போகிறாரா என்ன?

யாரோ ஒரு புண்ணியவான் மொட்டைப் பெட்டிசம் போட்டான். பதிவில்லாமல் வைத்தியம் செய்கிறாளாம். அனுமதிக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனேன்.

"தொழில் நடைபெறும் இடம் எண்டு படிவத்திலை ஒரு கூடு இருக்கம்மா. அது வெறுமையாக் கிடக்கு" என்றார் கிளாக்கர்.

"போற வீடுதான் இடம். ஊர் முழுக்க எண்டு எழுதுங்கோ."

"ஊர் முழுக்கவெண்டு அனுமதி தரேலாது. ஒரு விலாசம் வேணும்."

"அப்ப என்ரை வீட்டை எழுதும்!" என்று கத்தினேன். வாயால் கெட்டவள் நான்.

அனுமதிப் பத்திரம் வந்தது. இந்த விலாசத்தில் மட்டுமே தொழில் செய்யலாம் என்று போட்டிருந்தது. சொன்னபடி ஆள் படுக்க ஒரு வாங்கு, திரைச்சீலை, கை கழுவத் தண்ணீர் எல்லாம் வைத்தேன். ஒரு குருவியும் வரவில்லை. எழும்பி நடக்கக்கூடியவளுக்கு நான் எதற்கு? வெளியே போகவோ பயம். அடுத்த பெட்டிசத்துக்கு வழக்குத்தான்.

மூன்று செவ்வாய் போனது. அக்காவின் அயல்வீட்டு முருகேசு வந்தார்.

"அவவுக்குக் கை விறைச்சுப்போய்க் கிடக்கு. ஒருக்கா வாறியளோ?"

"வந்தால் என்னைக் கோட்டுக்கு இழுப்பாங்கள், அண்ணை."

"அப்ப நாளைக்கு நான் அவவை வண்டிலிலை ஏத்திக்கொண்டு வாறன்" என்று சொல்லி, மறுமொழிக்கும் நில்லாமல் போய்விட்டார்.

வந்தால் என் வெறும் வீட்டைப் பார்த்துவிடுவார். இனி என்ன செய்ய? விடிந்ததும் பக்கத்து வீட்டு அல்போன்சம்மாவிடம் ஒரு பிள்ளைச் சட்டை இரவல் வாங்கிக் கொடியில் போட்டேன். என்னை நினைக்க எனக்கே சிரிப்பு வந்தது.

வண்டிலிலிருந்து அக்காவைக் கதிரையோடு தூக்கி வந்து வாங்கில் கிடத்திவிட்டு, முருகேசு வெளியே போனார். அக்கா தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கோப்பை, தண்ணீர் குடிக்க ஒரு மூக்குப்பேணி, ஒரு பாய். யன்னலுக்கு வெளியே நனையாமலே காய்கிற சட்டை.

"மருமகள் பேரனோடை கோயிலுக்குப் போயிட்டாள்" என்றேன், அவர் கேளாமலே.

"ஓம்" என்றார். நான் கையை உருவத் தொடங்கினேன். அக்கா, "உம்மடை பேரனுக்கு ஐஞ்சு வருசமாப் பல்லு முளைச்சுக்கொண்டே இருக்கு, அந்தோனியம்மா" என்றார்.

எனக்கு நிலத்துக்குள் புதைந்துபோகலாம் போலிருந்தது.

"தெரிஞ்சுகொண்டே ஏன் கேட்டுக்கொண்டு கிடந்தனீங்கள்?"

"வேறை ஆர் வந்து எனக்குக் கதை சொல்லுகினம்? நீர் வராத மூண்டு செவ்வாயும் அந்தப் பெடியன்ரை யோசினைதான் எனக்கு. சொல்லும், இப்ப என்ன செய்யிறான்?"

கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். ஒரு பொய்யும் வரவில்லை. பிலிப்புவின் முகம்தான் வந்தது. அழுதுகொண்டே அவருடைய கையை உருவினேன்.