கன்னியப்பன் தூக்கத்துக்காக நான் போட்ட மனு

பிரெஞ்சுக்காரன் இருந்த காலத்தில் நான் கோர்ட்டில் இருபத்தாறு வருஷம் நகல் எழுதினேன். அடுத்தவர் எழுதியதைப் பார்த்து அப்படியே எழுதுவதுதான் வேலை. ஒரு காற்புள்ளியைக்கூட நானாகச் சேர்த்ததில்லை. ஆனாலும் முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் எனக்கு வக்கீலய்யா என்று பெயர். அதை நான் ஒருநாளும் திருத்தியதில்லை. காசிலிங்கம் என்று யாராவது கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நடந்துகொண்டே இருப்பேன்.

ஐம்பத்தேழாம் வருஷம், பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. நான் பென்ஷனில் சும்மா இருந்தேன். எல்லாக் கோளாறும் அந்தச் சும்மாவில்தான் ஆரம்பித்தது. என் வீட்டுப் பின்கட்டில் கன்னியப்பன் குடியிருந்தான். பஞ்சாலையில் தறி ஓட்டுகிறவன், ராத்திரி ஷிப்டு. காலை ஏழு மணிக்கு வந்து கஞ்சி குடித்துவிட்டு எட்டு மணிக்குப் படுப்பான். மூன்று மணிக்கு எழுவான். ஊருக்குப் பகல் என்பது அவனுக்கு ராத்திரி. அவன் மனைவி அன்னக்கிளி அந்த ஏழு மணி நேரமும் பாத்திரத்தைக்கூட சத்தமில்லாமல்தான் வைப்பாள்.

தை மாதம் பக்கத்து வீட்டை சக்கரபாணி என்பவர் பிடித்து டிரங்குப் பெட்டிப் பட்டறை வைத்தார். கப்பலேறிப் பிரான்சுக்குப் போகிறவர்களும் சைகோனிலிருந்து திரும்பி வருகிறவர்களுமாக இருந்த நாளில், ஊரில் ஆளுக்கொரு பெட்டி வேண்டியிருந்தது. பட்டறைக்கும் பின்கட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். காலை ஒன்பது மணிக்கு மூன்று பேர் தகரத்தைக் குப்புறப் போட்டு அடிக்க ஆரம்பித்தால், என் முன்கட்டில் தண்ணீர்ச் செம்பு ஆடும். பின்கட்டில் என்ன ஆடியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பத்து நாள் கழித்து கன்னியப்பன் என்னிடம் வந்தான். கண் இரண்டும் பழுத்திருந்தன.

"ஐயா, நேத்து தறியாண்ட நின்னபடியே தூங்கிட்டேன். மேஸ்திரி பாத்துட்டாரு. இன்னொரு வாட்டி தூங்கினா சீட்டக் கிழிச்சிடுவேன்னுட்டாரு. நான் போயி அந்தப் பெட்டிக்கார அண்ணனாண்ட ஒரு வார்த்த கேட்டுப் பாக்கட்டுமா?"

நியாயமான மனிதன் என்ன சொல்லியிருப்பான்? போய்க் கேளப்பா என்றிருப்பான். நான் நியாயத்தை இருபத்தாறு வருஷம் நகலெடுத்தவன். ஆகவே பதறிப்போனேன்.

"வாயே தொறக்காத. எதிராளிகிட்ட நேர்ல பேசினா வழக்கு பலவீனமாயிடும். எல்லாம் முறைப்படி நடக்கணும். எங்கிட்ட விட்டுடு."

"வழக்கா ஐயா?" என்று கேட்டான் கன்னியப்பன். அவன் முகத்தில் ஒரு பயம் தெரிந்தது. அது சக்கரபாணியைப் பற்றிய பயம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்றே உட்கார்ந்து மேரிக்கு ஒரு மனு எழுதினேன். நகராட்சியை எங்கள் ஊரில் மேரி என்றுதான் சொல்வோம். நாலு பக்கம், பிரெஞ்சில். முதல் பக்கம் முழுக்க மரியாதை. இரண்டாம் பக்கத்தில் என் சேவைக் காலம். மூன்றாம் பக்கத்தில் தூக்கம் மனிதனுக்கு இயற்கை தந்த உரிமை என்று ஒரு பாரா. அதை எழுதிவிட்டு நானே மூன்று தடவை வாசித்துப் பார்த்து உருகினேன். என் மனைவி அப்போது மகளுடைய பிரசவத்துக்காகக் காரைக்காலுக்குப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் அந்த உருக்கத்திலேயே பேனாவைப் பிடுங்கியிருப்பாள்.

மேரியில் புதிதாக வந்திருந்த அதிகாரி நல்ல பிள்ளை. மனுவைப் புரட்டிப் பார்த்தார்.

"பெரியவரே, நான் கடலூர்ப் பக்கம். எனக்கு இந்த பாஷ தெரியாது. ஒரு அரைப் பக்கம் தமிழ்ல எழுதிக் குடுங்க. இன்னிக்கே பாத்துடறேன். எந்தெந்த நேரத்துல சத்தம் வருதுன்னு மட்டும் போட்டாப் போதும்."

அந்த அரைப் பக்கத்தை அங்கேயே நின்று எழுதியிருக்கலாம். அரைப் பக்கமா, எனக்கா என்று ரோஷம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, பிரெஞ்சில் இருந்த மிடுக்கு தமிழிலும் வரவேண்டும் என்று மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். பக்கம் ஆறாகிவிட்டது.

அதோடு விட்டேனா? எந்தெந்த நேரம் என்று கேட்டாரே, அதற்குச் சான்று வேண்டாமா? ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கோடு போட்டேன். தேதி, மணி, சத்தத்தின் தன்மை, குடியிருப்பவர் விழித்தாரா இல்லையா, கையெழுத்து. காலை பத்து, பகல் பன்னிரண்டு, பிற்பகல் இரண்டு என்று தினம் மூன்று வேளை பின்கட்டுக் கதவைத் தட்டினேன். கன்னியப்பன் தட்டுத் தடுமாறி எழுந்து வருவான்.

"முழிச்சிருந்தியா?"

"இப்ப முழிச்சிருக்கேன் ஐயா."

விழித்தார் என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவேன். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. எந்த வீட்டுக்காரன் குடித்தனக்காரனுக்காக வெயிலில் மூன்று வேளை நடப்பான்? ஒருநாள் பன்னிரண்டு மணிப் பதிவில் அவன் அரைத் தூக்கத்தில் 'பாவாடை' என்று எழுதிவிட்டான். பாவாடை அவனுடைய அப்பா, செத்து எட்டு வருஷமாகியிருந்தது. செத்தவர் சாட்சி சொன்னால் செல்லுமா? கோபத்தோடு திரும்பிப் போய், அப்போதுதான் மறுபடி கண்ணயர்ந்தவனை எழுப்பித் திருத்தி வாங்கிக்கொண்டேன்.

இப்படி இரண்டு மாதம் நடந்தது. அன்னக்கிளி இரண்டு மூன்று தடவை வாசலில் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். வழக்கு எப்படிப் போகிறது என்று கேட்கிறாள்போல என்று நினைத்து, "கவலப்படாத, புடி நம்ம கையிலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

ஒருவழியாக மனுவும் நோட்டும் அதிகாரியிடம் போய்ச் சேர்ந்தன. நேரில் பார்க்க இன்ஸ்பெக்டரை அனுப்புகிறேன், எந்த நாள் உங்களுக்குத் தோது என்று கேட்டார். அதையாவது சும்மா விட்டேனா? பஞ்சாங்கத்தை எடுத்தேன். இத்தனை உழைப்பை ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமையில் கொண்டுபோய்ப் போடுவதா? நல்ல காரியத்துக்கு நிறைந்த அமாவாசையைப்போல வராது. அடுத்த அமாவாசை, காலை பதினோரு மணி என்று எழுதிக் கொடுத்தேன்.

இன்ஸ்பெக்டர் சொன்னபடி சைக்கிளில் வந்து இறங்கினார். நான் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றேன். அவரைப் பின்கட்டுச் சுவர் ஓரமாக அழைத்துப்போய், "கேளுங்க" என்றேன்.

கேட்டார். நானும் கேட்டேன். ஒரு காக்கை கத்தியது. அதுவும் படையல் சோற்றைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதற்கப்புறம் எங்கோ தெருக்கோடியில் ஒரு வண்டிமாடு தும்மியதுகூடத் தெளிவாகக் கேட்டது.

பட்டறைக்காரர்கள் அமாவாசைக்குக் கருவியைத் தொடமாட்டார்கள். சுத்தியலையும் கத்தரியையும் கழுவிப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். தெருவில் மூக்கொழுகும் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். அறுபது வருஷமாக இந்த ஊரில் சோறு தின்கிற எனக்கும் தெரியும். மாதத்தில் ஒரே நாள் வாயை மூடிக்கொண்டிருக்கும் பட்டறைக்கு, அந்த நாளாகப் பார்த்து, நாள் நட்சத்திரம் பொருத்தி இன்ஸ்பெக்டரை அழைத்து வந்திருந்தேன்.

"எந்தச் சத்தம் பெரியவரே?" என்று மெதுவாகக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

அப்போதாவது தலையைச் சொறிந்துகொண்டு, தப்பாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். என் கண்ணில் கிணற்றடித் தகர வாளி பட்டது. பக்கத்திலேயே ஒரு சுத்தியலும் கிடந்தது. வாளியைக் கவிழ்த்துச் சுவரோடு சேர்த்து வைத்து, "இப்படித்தான் சார் அடிப்பாங்க, இப்படி, இப்படி" என்று போட்டேன் போடு. கோட்டு வேர்த்து நனைந்தது. நிறுத்தினால் நம்பமாட்டாரோ என்று இன்னும் பத்து அடி சேர்த்து அடித்தேன்.

பின்கட்டுக் கதவு திறந்தது. கன்னியப்பன் கண்ணைத் திறக்காமலே கையைக் கூப்பிக்கொண்டு வந்தான்.

"சக்கரபாணியண்ணே, ஒங்க கால்ல விழறேன். இன்னிக்கு அமாவாசயாச்சே. இன்னிக்கு ஒரு நாளாச்சும் அசந்து தூங்கலாம்னுதானே படுத்தேன்."

பிறகு கண்ணைத் திறந்தான். சுத்தியலோடு நின்ற என்னைப் பார்த்தான். கூப்பிய கையை இறக்கிவிட்டு உள்ளே போனான். அவன் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பான் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. கோட்டு போட்டு நின்றேனே ஒழிய, யாருக்காக நின்றேன் என்பதே மறந்துபோயிருந்தது.

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். "சத்தம் வருதுங்கறது உண்மதான். எழுதிக்கறேன். எந்த வீட்லேந்து வந்துதுன்னும் எழுதணுமே, அதான் யோசிக்கறேன்" என்றார். நல்ல மனுஷன், சிரிப்பைச் சைக்கிளில் ஏறும்வரை அடக்கிக்கொண்டார்.

மறுநாள் காலை அன்னக்கிளி என் வாசலில் நின்றாள். அழுதிருந்தாள் என்று பார்த்ததும் தெரிந்தது.

"ராத்திரி மறுபடி தூங்கிட்டாராம். சீட்டக் கிழிச்சிட்டாங்க. வெள்ளிக்கிழம மானேஜர் தொரைய பாத்து காரணம் சொன்னா மன்னிச்சாலும் மன்னிப்பாருன்னு மேஸ்திரி சொன்னாராம்."

மானேஜர் வெள்ளைக்காரர். பிரெஞ்சில் மனு எழுதவேண்டும். என் கை தானாகவே பேனாவைத் தேடியது. "கவலப்படாத, நான் எழுதித் தரேன்" என்றேன்.

"காரணம் என்னான்னு எழுதுவீங்க ஐயா?" என்றாள் அன்னக்கிளி.

நான் சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினேன்.

"அந்தத் தட்டற சத்தம் ஒரு மாசத்துல அவருக்குப் பழகிப்போச்சி. அது பாட்டுக்கு அடிக்கும், இவரு பாட்டுக்குத் தூங்குவாரு. நீங்க கதவத் தட்டறதுதான் பழகல. பத்து மணிக்கு வருவீங்க, பன்னண்டுக்கு வருவீங்கன்னு படுக்கும்போதே பயந்துனு படுப்பாரு. ஐயா நமக்காகக் கஷ்டப்படறாரு, எதுவும் சொல்லிடாதன்னு என் வாய அடைச்சிட்டாரு." சொல்லிவிட்டு, அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சுவரைக் காட்டிய கையை இறக்கினேன். அவமானமாக இருந்தது. அதற்குமேல் அதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அன்று பகல் முதன்முறையாக சக்கரபாணியின் பட்டறைக்குள் நுழைந்தேன். கையில் காகிதம் இல்லை. கன்னியப்பன் முதலிலேயே கேட்கவிருந்த அந்த ஒரு வார்த்தையைக் கேட்டேன். அவர் ஒரு பெட்டி மூடியைத் துடைத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"இத முன்னாடியே சொல்லக்கூடாதா வக்கீலய்யா? பட்டறையில தட்டற வேலயும் இருக்குது, பெயிண்டு அடிக்கற வேலயும் இருக்குது. காலையில பெயிண்டு அடிக்கறோம். மூணு மணிக்கு மேல தட்டிக்கறோம். இதுல எங்களுக்கு என்னா நஷ்டம்?" என்றார். அவர் வரவழைத்த காப்பி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூன்று மாதத்து வழக்கு.

வெள்ளிக்கிழமை கன்னியப்பனோடு ஆலைக்கு நடந்து போனேன். கோட்டுப் போடவில்லை. மானேஜர் துரையின் அறையில் கணக்குப்பிள்ளைகள் இரண்டு பேரும் மேஸ்திரியும் இருந்தார்கள். நான் பிரெஞ்சில் சொன்னேன். இவர் குடியிருப்பது என் வீட்டில். பகலில் இவரைத் தூங்கவிடாமல் செய்தது நான். தப்பு இவருடையதல்ல.

"எப்படித் தூங்கவிடவில்லை?" என்று கேட்டார் துரை.

"தினம் மூன்று தடவை எழுப்பினேன்."

"எதற்காக?"

"அவரால் தூங்க முடிகிறதா என்று எழுதிவைக்க."

துரை என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கணக்குப்பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு தெரியும், அவர்களும் சிரித்தார்கள். அவர்கள் தமிழில் சொன்னதும் மேஸ்திரி தலையிலிருந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். நான் நின்றுகொண்டிருந்தேன். அந்த அறையில் கன்னியப்பன் ஒருவன்தான் சிரிக்கவில்லை. எனக்கு நேர்ந்ததைப் பார்க்கக்கூடாது என்பதுபோலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலை திரும்பக் கிடைத்தது. அன்று ராத்திரியே வரச்சொன்னார்கள்.

திரும்பி வரும்போது சாலைத்தெரு முனைவரை அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் கேட்டுக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். நடுவில் பதில் சொல்லக்கூடாது என்றுகூட எனக்கு நானே சொல்லியிருந்தேன்.

"ஐயா" என்றான்.

"சொல்லு."

"எனக்கோசரம் அவ்ளோ பேரு சிரிக்கறத நின்னு கேட்டீங்களே. ஒங்க உபகாரத்த மறக்கமாட்டேன்."

கையைக் கூப்பினான். மனதாரத்தான் சொன்னான். இரண்டு மொழியிலும் பத்துப் பக்கம் எழுதியவன் நான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மணி பத்தை நெருங்கியிருக்கும்.

"போய்த் தூங்குப்பா" என்றேன்.