ஜக்கூர் ஏரிக்கு மேலே

"மயக்கம், வலிப்பு ஏதாவது வந்ததுண்டா?" என்று கேட்டார் பைலட்டுகளைப் பரிசோதிக்கும் டாக்டர்.

"இல்லை டாக்டர்," என்றாள் பிரிஜெட்.

போன மாதம்தான், காக்ஸ் டவுன் வீட்டுச் சமையலறையில், கைகால் இழுத்துக்கொண்டு விழுந்திருந்தாள். நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். கண் விழித்தபோது தங்கை நிக்கோலின் மடியில் தலை இருந்தது.

"டாக்டர்கிட்ட சொல்லிடுக்கா. மேல போனப்ப வந்தா?"

"சொன்னா லைசென்ஸ் போச்சுடி. அப்புறம் எனக்கு என்ன இருக்கு?"

பள்ளியில் கணக்கு டீச்சர். சாயங்காலமெல்லாம் டியூஷன் எடுத்து விமானம் ஓட்டக் கற்றவள். வாரம் முழுக்க அவள் காத்திருந்தது, பறக்கப் போகும் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான்.

மெடிக்கல் சான்றிதழ் கிடைத்துவிட்டது. ஆனால் பழையது காலாவதியாகிப் பல மாதமாகப் பறக்காததால், தனியாக விமானத்தை எடுக்குமுன் இன்ஸ்ட்ரக்டரோடு பறந்து காட்ட வேண்டும். ஜக்கூர் விமானத் திடலில் இன்ஸ்ட்ரக்டர் ரங்கநாதன் சார் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். முதல் லேண்டிங்கில் விமானம் பூப்போல இறங்கியது. மறுபடி மேலே ஏறி, ஏரிக்கு மேல் இடதுபக்கம் திருப்பினாள்.

அடுத்து அவள் பார்த்தபோது ஏரியைக் காணோம். விமானம் சரிந்து கிடந்தது. கன்ட்ரோல் ரங்கநாதனின் கையில் இருந்தது.

"பிரிஜெட்! கேக்குதா?"

"கேக்குது சார். என்ன ஆச்சு?"

"எத்தனை தடவை கூப்பிட்டேன்! கண்ணைத் திறந்துக்கிட்டே உக்காந்திருந்தியேம்மா!"

அவரே இறக்கினார். எஞ்சின் நின்றதும் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ராத்திரி தூக்கமில்ல சார், அதான். இன்னும் ஒரே ஒரு ரவுண்டு. ப்ளீஸ் சார்."

"இதுக்கு முன்னாடி வந்திருக்கா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கேக்கறேன்ல?"

"வந்திருக்கு."

"தெரிஞ்சேதான் என்னையும் ஏத்திக்கிட்டுப் போனியா? கீழ எத்தனை வீடு இருக்கு, பாத்தியா?" ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "நான் கையெழுத்துப் போட மாட்டேன். மேலிடத்துக்கும் சொல்லித்தான் ஆகணும்," என்றார்.

"என்னைக் கொன்னுடாதீங்க சார்!"

அவள் சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் கதறினாள். விமானக் கொட்டகையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரங்கநாதன்தான் பெல்ட்டைக் கழற்றி, தோளைப் பிடித்து இறக்கினார்.

"ஸ்கூட்டர் சாவியைக் கொடு. நீ ஓட்டக் கூடாது."

கொடுத்தாள். பிறகு தங்கைக்குப் போன் செய்தாள். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

"வந்துடுச்சா?" என்றாள் நிக்கோல்.

"ம்."

"அடி கிடி பட்டுச்சா?"

"இல்ல."

"நிழல்ல உக்காரு. ஆட்டோ புடிச்சு வரேன். அங்கிருந்து நேரா ஆஸ்பத்திரி போறோம்."

"சரிடி," என்று சொல்லிவிட்டு பிரிஜெட் நிழலில் போய் உட்கார்ந்தாள்.