அம்மா ஏரியில் இறங்கிய கோடை

1

இந்தக் கதை அத்தை வாயிலிருந்து வந்தது. அன்று அவள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தாள். சாயங்காலம் வரை பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாயில் பஞ்சோடு சொன்னாள்: "உங்கம்மா மாதிரி நீச்சலடிக்க நம்ம குடும்பத்துல ஆளே இல்ல, தெரியுமா?"

தெரியாது. துணி துவைக்கும் தண்ணீரைத் தாண்டி எந்தத் தண்ணீரிலும் நான் அம்மாவைப் பார்த்ததில்லை. நான் பிறந்ததும் குடிவந்த ஊரில் ஏரியே கிடையாது.

2

அது ஒரு பொன்னிறக் கோடைக்காலத்தின்...

(வேண்டாம். அத்தை படித்தால், "வெயில் மண்டையைப் பிளந்துச்சுன்னு எழுதேன்" என்பாள்.)

வெயில் மண்டையைப் பிளந்தது. பெரியப்பாவின் லாரியில் பாய்கள், ரொட்டி, அவித்த முட்டை, காற்றடைத்த டயர் டியூப், இவற்றுக்கு நடுவே மொத்தக் குடும்பமும் ஏரிக்குப் போனது. ஆண்களும் பிள்ளைகளும் தண்ணீரில். பெண்கள் கரையில், சாப்பாட்டுக்குக் காவல். அம்மாவுக்குக் கல்யாணமாகி முதல் கோடை.

அப்பா மில்லில் எலக்ட்ரீஷியன். படகுக்காரர் மகளைக் கட்டப்போகிறோமே என்று, தனக்கும் நீச்சல் தெரியும் எனப் பெண் பார்த்த அன்றே அளந்துவிட்டிருந்தார். இப்போது அவள் பார்க்கிறாள் என்ற மிதப்பில் டியூபில் ஏறி உட்கார்ந்து, ஆழத்துக்கே போய்விட்டார்.

3

இந்த இடத்தில் அப்பாவைக் கோமாளியாக்குவது சுலபம். ஒரு வரைவில் ஆக்கியும் பார்த்தேன். சிரிப்பு வந்தது, அப்பா வரவில்லை. அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன்.

டியூப் கவிழ்ந்தது. ஒரு கை மட்டும் மேலே வந்து போனது.

"விளையாடுறான்டா!" என்று பெரியப்பா சிரித்தார்.

அம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பாய்ந்தாள். பின்பக்கமாகப் போய், தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்து வந்து கரையில் போட்டாள்.

அப்பா இருமி இருமித் தண்ணீரைக் கக்கினார். ஈரச் சேலையோடு நின்ற அம்மாவுக்கு அத்தை பாயை எடுத்துப் போர்த்தினாள். பிறகு தாத்தா, "ஆழம் கம்மிதான். அவனே வந்திருப்பான்" என்றார். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். அம்மாவும்.

"ஒருத்தர்கூட அவளுக்கு ஒரு வார்த்தை நல்லதா சொல்லல. நானும்தான்" என்ற அத்தை, பஞ்சை மாற்ற எழுந்து போனாள்.

4

(இங்கேயே நிறுத்தினால் கசப்பான நல்ல கதை. பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அம்மாவிடம் கேட்டுத் தொலைத்தேன்.)

"அத்தைக்குப் பாதிதான் தெரியும்" என்றாள் அம்மா. "மறுவாரம் சினிமாவுக்குன்னு வீட்ல சொல்லிட்டு, அதே ஏரிக்கு என்னை பஸ்ல கூட்டிட்டுப் போனார்."

"எதுக்கு?"

"எனக்குக் கத்துக்கொடுன்னார். சுத்தி யாரும் இல்லையான்னு ரெண்டு தரம் பாத்துட்டுத்தான் கேட்டார்."

"ஒரு தரம்தான் பாத்தேன்" என்றார் அப்பா, பேப்பரை இறக்காமலே.

5

இடுப்பளவுத் தண்ணீர். அப்பா குப்புறக் கிடக்கிறார். அவர் வயிற்றுக்கு அடியில் அம்மாவின் இரண்டு கைகள்.

"விட்டுடாத!"

"விடல. காலை அடிங்க."

முதல் முடிவு: அம்மா கையை எடுக்கிறாள், அப்பா நீந்துகிறார். இரண்டாவது: அம்மா கையை எடுக்கிறாள், அப்பா தண்ணீர் குடித்துவிட்டு எழுகிறார், இருவரும் சிரிக்கிறார்கள். எது நடந்தது என்று கேட்டேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பேப்பருக்குள் இன்னும் கொஞ்சம் போனார்.

"அதெல்லாம் உனக்கெதுக்கு?" என்றார்கள், ஒரே நேரத்தில்.

ஆகவே எனக்குத் தெரியாது. இந்தக் கதையில் அம்மா இன்னும் கையை எடுக்கவில்லை. எப்போது எடுக்கலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் பொறுத்தே சொல்லுங்கள். அப்பா இன்னும் காலை அடிக்கவே ஆரம்பிக்கவில்லை.