மாடியில் நடக்கும் கூட்டம்

படியேறிக்கொண்டிருந்த வத்சலாவின் செருப்புச் சத்தம் பாதியில் நின்றுவிட்டது, திரும்பிப் பார்க்கிறேன், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், மேலே திறந்திருக்கும் கதவு வழியாக ஆண்களின் சிரிப்பு இறங்கி வருகிறது, முழுக்க ஆம்பளைங்களா இருக்காங்களே என்கிறாள், பாதி குரல்தான் வெளியே வருகிறது, போயிடலாமா என்று கேட்டால் போய்விடுவாள், வா என்று கையைப் பிடித்து இழுத்தாலும் போய்விடுவாள், இருபது வருஷம் குடும்பம் நடத்தியதில் இது தெரியும், அதனால் இறங்கி அவள் பக்கத்தில் சும்மா நிற்கிறேன்.

அவளுடைய அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்த வருஷத்தில், விழித்து விழித்துத் தூக்கமே மறந்துபோய், கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும் என்று ஆரம்பித்தது, அம்மா போன பிறகும் அது போகவில்லை, தெரிந்த ஆட்டோக்காரரிடம் குவார்ட்டர் பாட்டில் வாங்கிவரச் சொல்லி சோப்புத்தூள் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டாள், ஸ்கேன் சென்டரில் பார்த்துக்கொண்டிருந்த வேலை போயிற்று, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், தேறி வந்தாள், வீட்டுக்கு வந்ததும் தனிமை பிடித்துக்கொண்டது, ஒருநாள் காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் வாங்கிடுவேனோன்னு பயமா இருக்குங்க, என்னால தனியா முடியல, எங்கயாவது கூட்டிட்டுப் போங்க என்றாள், டாக்டர் கொடுத்த நம்பருக்கு அன்றைக்கே பேசினேன், எடுத்தவர் சூசைராஜ் என்று பெயர் சொன்னார், உங்களுக்காகவா சார் என்று கேட்டார், என் மனைவிக்கு என்று சொல்ல வாயெடுத்தவன், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டம்மா துணி உலர்த்துவதைப் பார்த்துவிட்டு, ஆமா சார், எனக்குத்தான் என்றேன், அவர் தயங்கவே இல்லை, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாங்க, பாலக்கரையில சர்ச்சுக்குப் பின்னாடி மாடி, வீட்டம்மாவும் வரலாம், எல்லாருக்குமான கூட்டம்தான்.

பாலக்கரைக்கு வந்த பிறகு யாரிடம் எப்படிக் கேட்பது, பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் இங்க மாடியில ஒரு கூட்டமாமே என்று இழுத்தேன், எதிர் வாசலைக் கைகாட்டினார், உள்ளே போனால் சந்தனக் கிண்ணத்தோடு ஒருவர் ஓடிவந்து மாப்பிள்ளை வீடா பொண்ணு வீடா என்கிறார், நிச்சயதார்த்தம், வெளியே வந்து வத்சலா சிரித்தாள், புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, அவள் சிரித்து எத்தனை காலமாயிற்று, பூக்கார அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி, குடிய விடுற கூட்டம்னு சொல்ல வேண்டியதுதானே, எங்க வீட்டுக்காரரும் அங்கதான் போறாரு, அந்தப் பச்சை கேட்டு என்றார், தெருவில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எவ்வளவு நேரம் அந்தப் படியில் நின்றோமோ, அவளேதான் முதலில் காலெடுத்து வைத்தாள், அறைக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகள், சூசைராஜ் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, படியேறி வர்றதுதான் சார் கஷ்டம், அது முடிஞ்சிருச்சு என்றார், ஒவ்வொருவராக வந்து எனக்குக் கை கொடுக்கிறார்கள், எனக்கு டீ வருகிறது, ஒருவர் வத்சலாவைப் பார்த்து, பாவம்மா நீங்க, எப்படித்தான் சமாளிச்சீங்களோ என்கிறார், அவள் தரையைப் பார்க்கிறாள், நான் மறுத்துச் சொல்லவில்லை, இவர்கள் பேசுவதைக் கேட்டாலே போதும், அவள் பெயர் வெளியே வராமலே எல்லாம் நடந்துவிடட்டும் என்று ஒரு நினைப்பு, பேசியவர்கள் தாங்கள் விழுந்த கதையை மறைக்காமல் சொன்னார்கள், நடுவில் சிரித்தார்கள், கடைசியில் சூசைராஜ், புதுசா வந்திருக்கிறவர் விருப்பமிருந்தா பேசலாம், கட்டாயமில்ல என்றார், எழுந்துவிட்டேன், எதிரே அத்தனை முகங்கள், அப்போது பக்கத்து நாற்காலி நகர்கிற சத்தம், வத்சலா எழுந்து நிற்கிறாள், அவர் தொட்டதே இல்லங்க, நான்தான், என் பேரு வத்சலா.

யாரோ ஒருவருடைய மனைவி என்று நான் நினைத்திருந்த கதர்ப் புடவைக்காரர் ஒருவர், பின்வரிசையில், தன் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், இங்க வந்து உக்காரும்மா, என் பேரு ரெஜினா, நானும்தான், இத்தனை நாளா இங்க நான் ஒருத்திதான் பொம்பள என்றார், வத்சலா போய் உட்கார்ந்தாள், அந்த அம்மா அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன், அதற்குள் நான் மட்டும் அறை நடுவில் நின்றுகொண்டிருக்கிறேன், அப்ப நீங்க எதுக்கு சார் நிக்கிறீங்க, உக்காருங்க, டீ ஆறுது என்று சூசைராஜ் சொல்ல, அறையே சிரித்தது, நானும் சிரித்தேன், கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டன, தை மாதத்தில் ஒரு தடவை சறுக்கினாள், அன்றைக்கு அழுதுகொண்டே அவளாகவே ரெஜினாவுக்கு போன் போட்டாள், அவர் ஆட்டோ பிடித்து வந்து சமையலறையில் அவளோடு உட்கார்ந்திருந்தார், மறுபடியும் தொடங்கினாள், ஒரு ஞாயிறு கூட்டம் முடிந்து இருவரும் கேட்டருகே பேசிக்கொண்டே நிற்கிறார்கள், நான் வண்டியை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன், நீங்க போங்க, ரெஜினா டீச்சரோட நடந்து வந்துடறேன் என்கிறாள், சரி என்றேன், வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை, வீட்டுக்கு வந்து கூடத்தில் வெறும் தரையில் படுத்தேன், கதவைக்கூடச் சாத்தவில்லை, யாருடைய காலடிக்கும் காது கொடுக்காமல், எந்த டப்பாவையும் திறந்து பார்க்காமல், அப்படியே தூங்கிப்போனேன், லைட்டைப் போட்டு, என்னங்க இது, சாப்பிடாமக்கூட இப்படி ஒரு தூக்கம் என்று அவள் எழுப்பினாள், இன்னும் கொஞ்ச நேரம் வத்சு என்று புரண்டு படுத்தேன், அவள் விளக்கை அணைத்துவிட்டாள்.