கசாயம் அண்ணாச்சி

கருணாகரன் ரங்கநாதன் தெருவில் குழந்தைகள் ரெடிமேட் கடை வைத்திருக்கிறார். திருச்செந்தூர் பக்கத்திலிருந்து வந்தவர். வாசலில் நுழையும் பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் சட்டை அளவைச் சொல்லிவிடுவார், நாடா எடுக்கமாட்டார்.

ஒரே மகள் ஷண்முகப்ரியாவுக்குப் பதினோரு வயது. ஏழு வயதில் சர்க்கரை நோய் வந்ததிலிருந்து தினமும் நாலு ஊசி. போன ஆடி மாதம் கருணாகரன் தன் கையாலேயே ஆவாரம்பூவும் நாவல் கொட்டையும் போட்டு ஒரு கசாயம் காய்ச்ச ஆரம்பித்தார். ஊசியை நிறுத்தும் துணிச்சல் அவருக்கு இல்லை. இது கூடுதலாகத்தான்.

ஐப்பசிக்குள், தினமும் போட்ட இருபத்தாறு யூனிட் இன்சுலின் பதினெட்டாகக் குறைந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் இரண்டு முறை சர்க்கரை ஐம்பதுக்கு இறங்கி, மிஸ் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்.

"பாத்தியா சரண்யா, மருந்து வேலை செய்யுது!"

"எந்நேரமும் தூங்கி வழியுறாளேங்க," என்றாள் மனைவி.

"நோய் இறங்கும்போது உடம்பு ஓய்வு கேக்கத்தான் செய்யும்."

வடபழனியில் நடந்த கல்யாணத்தில், பூசினாற்போல் ஆகியிருந்த மகளின் கன்னத்தைக் கிள்ளாத உறவினர் இல்லை. வருடாந்திர ரத்தப் பரிசோதனைக்கு அடையாறு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அழைப்பைக் கருணாகரன் தட்டிக்கழித்தார்: "நல்லா இருக்க புள்ளைக்கு எதுக்கு ரத்தம் எடுக்கணும்?" இதே நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் செய்முறையை எழுதிப் போட்டார். அன்றிலிருந்து அங்கே அவர் பெயர் கசாயம் அண்ணாச்சி.

கார்த்திகையில் ஷண்முகப்ரியா பள்ளி மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். சரண்யா யாரையும் கேட்காமல் ஆட்டோ பிடித்து அடையாறு டாக்டர் ஜுவேரியாவிடம் கூட்டிப்போனாள். தகவல் கேட்டு வந்த கருணாகரன் கையில் கசாய பாட்டிலும் இருந்தது.

டாக்டர் ஷண்முகப்ரியாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "ஒரு வருஷத்துல எவ்வளவு வளர்ந்திருக்கா?"

கருணாகரன் மகளை, கடைக்கு வந்த பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். அப்படி அவர் பார்த்ததே இல்லை.

"முப்பது சைஸ்," என்றார். "போன வருஷத் தீபாவளிக்கும் முப்பதுதான்."

ரத்தப் பரிசோதனை தைராய்டு என்றது. "கணையத்தைத் தாக்கிச் சர்க்கரை நோயைக் கொண்டுவந்த உடம்போட அதே எதிர்ப்புச் சக்தி இப்ப தைராய்டையும் தாக்குது," என்றார் டாக்டர். "சர்க்கரை உள்ள பிள்ளைங்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம், அதனாலதான் வருஷா வருஷம் பார்க்கச் சொல்றோம். தைராய்டு மந்தமானா இன்சுலின் தேவை குறையும், அடிக்கடி சர்க்கரை இறங்கும். பார்க்கிறவங்களுக்குக் குணமாகுற மாதிரி தெரியும்."

"அப்ப கசாயத்தால இல்லையா?"

"அதை நான் முதல் வாரத்தோட நிறுத்திட்டேன்ப்பா," என்றாள் ஷண்முகப்ரியா. "தினமும் வாஷ்பேசின்ல ஊத்திருவேன்."

சரண்யாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். கருணாகரன் பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை என்று ஆயிற்று. சித்திரைக்குள் பெண் ஓடினாள், சண்டை போட்டாள், முப்பத்திரண்டு சைஸுக்கு வந்தாள். இன்சுலினும் இருபத்தெட்டாக ஏறியது. ஒவ்வொரு யூனிட் ஏறும்போதும் வீட்டில் சந்தோஷப்பட்டார்கள்.

குழுவில் நாலு முறை எழுதி அழித்து, கடைசியில் போட்டார்: "கசாயம் வேண்டாம். தைராய்டு டெஸ்ட் எடுங்க."

உடனே குழுவிலிருந்த சைதாப்பேட்டை வாஜித் போனில் கூப்பிட்டார். "இன்னா அண்ணாச்சி, பையனுக்கு ஆறு மாசமா குடுத்துக்கினு கீறேனே!"

"யூனிட் குறைஞ்சிருக்கா பாய்?"

"எங்க? ஏறிக்கினுதான் கீது."

"அப்பாடா! நல்லது பாய், ரொம்ப நல்லது."

"இறங்குனா நல்லதுன்னு நீதான சொன்ன?"

"எதுக்கும் டெஸ்ட் எடுத்துருவோம், நானும் கூட வாரேன்," என்றார் கருணாகரன். மறுநாள் கடையைச் சரண்யாவிடம் விட்டுவிட்டு, வாஜித்துக்கு முன்னாலேயே அடையாறு போய் டோக்கன் வாங்கிக் காத்திருந்தார்.