நடுவில் நிற்குமா?

அந்தப் பெட்டி இன்னும் கடைக்கு வரவில்லை. ஆனால் அது வாசிப்பதை நான்கு லட்சம் பேர் வீடியோவில் பார்த்துவிட்டார்கள். பார்த்தது பொய் என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர்: பெட்டியைச் செய்த அண்ணன், அண்ணி, வீடியோவில் வாசித்த தங்கை.

தங்கை ஒரு நடனப் பள்ளியில் குழந்தைகளின் பயிற்சிக்குக் கீபோர்ட் வாசிப்பவள். அண்ணன் மின்னணுப் பலகைகள் வடிவமைப்பவன். வேலையை விட்டுவிட்டு நான்கு வருடமாக வீட்டின் பின்னறையில் இந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கைக்கு அடக்கமான சின்தசைசர், மின்னணுவால் ஒலி எழுப்பும் வாத்தியம். அதற்குள்ளேயே ஒரு சீக்வென்சர். வேண்டிய ஒலிகளை உருவாக்கி, வரிசையாகக் கோத்துவிட்டால் போதும். எட்டு ட்ராக்கையும், அதாவது எட்டு ஒலி வரிசையையும், அதுவே திரும்பத் திரும்ப வாசிக்கும். பேட்டரியில் ஓடும். வாரில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தபடியே வாசிக்கலாம்.

வீடியோ எடுத்த அன்று அது மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை உறைந்துபோனது. எட்டு ட்ராக்கும் ஒன்றாக ஓடினால் உள்ளே இருந்த சிப் திணறி, கடைசியாக வந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும். காமிராக்காரர் வாசலில் காத்திருந்தார்.

"சத்தம் மட்டும் லேப்டாப்புல இருந்து வரட்டும்," என்றான் அண்ணன். "நீ பொத்தான அமுக்கிக்கிட்டே இரு. பெட்டி வெளிய போறதுக்குள்ள நான் சரி பண்ணிடுவேன்."

அண்ணன் சரி பண்ணிடுவேன் என்று சொல்லி எதையும் சரி பண்ணாமல் விட்டதில்லை. அவள் பொத்தான்களை அமுக்கினாள்.

வாத்தியப் பிரியர்கள் கூடிப் பேசும் ஒரு இணையத் தளத்தில் அந்த வீடியோவுக்குக் கீழே ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். இதற்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன் என்றார்கள். கறுப்பு நல்லதா, சாம்பல் நல்லதா என்று அடித்துக்கொண்டார்கள். கையில் வரட்டும், பிறகு பேசலாம் என்றும் சிலர் இழுத்தார்கள். அப்படிப்பட்டவர்களில் ஒருவர் 'பழைய காது' என்ற பெயரில் எழுதுகிறவர். அதிகம் எழுதமாட்டார். எழுதினால் எல்லோரும் படிப்பார்கள்.

ஒரு காலை, வேலைக்குப் போகிற பேருந்தில் அவள் அதைப் படித்தாள்.

"ரெண்டாவது நிமிஷம் பதினாலாவது செகண்டுல சத்தம் மாறுது. பொத்தான் அமுங்குற 'டக்' அதுக்கு அப்புறம்தான் கேக்குது. அமுக்குறதுக்கு முன்னாடியே பெட்டிக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். உண்மைதான். மேசைமேல் இருந்த மைக் அந்த 'டக்'கைப் பிடித்திருந்தது. அவள் விரல் ஒரு நூலளவு தாமதித்திருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தம் போய், அடுத்த நிறுத்தமும் போய்விட்டது.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் குறைந்தது. அந்த ஒரு வரிக்குக் கீழே நாற்பது பக்கம் வளர்ந்தது. ஒருவர் அவளுடைய விரலைப் பெரிதாக்கிப் படம் போட்டார். இன்னொருவர் அவள் வேலை செய்யும் பள்ளியின் பெயரைக் கண்டுபிடித்து எழுதினார். பள்ளி வாசலில் ஒரு குழந்தையின் அம்மா, "நீங்கதானே அந்த வீடியோல?" என்று சிரித்தபடி கேட்டாள். அவள் கேட்காதவள் போல உள்ளே போனாள். பயிற்சியின்போது குழந்தைகள் ஒரு காலில் நின்று காத்திருக்க, அவள் அடுத்த சுரத்தை மறந்து உட்கார்ந்திருந்தாள்.

பிறகு அவளுக்கே ஒரு செய்தி வந்தது. "உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும். சனிக்கிழமை வரேன். பழைய காது."

சனிக்கிழமை, ஒரு வாத்தியக் கடையின் மாடியில் பெட்டியை முதல் தடவையாக நேரில் வாசித்துக் காட்டுவதாக இருந்தது. அவள் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

பின்னறையில் சாலிடர் புகை நின்றது. மேசை முழுக்கத் திறந்த பலகைகள். அண்ணன் நான்கு நாள் தாடியோடு உட்கார்ந்திருந்தான்.

"சரியாயிடுச்சா?"

"ஆறு ட்ராக் வரைக்கும் ஓடுது. எட்டு போட்டா நிக்குது."

"அப்ப ஆறு மட்டும் போட்டுக் காட்டலாமே."

"எட்டுன்னு ஊருக்கே சொல்லியாச்சு." அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "இந்த ஒரு தடவை மட்டும் லேப்டாப்ப வெச்சு சமாளிச்சிடலாம்."

"அவரு வராரு அண்ணா. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாப்பாரு."

"காதுலதான் விடுவாரு," என்றான் அண்ணன். அவனே சிரிக்கவில்லை.

அண்ணி அவளை அடுத்த அறைக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு மடக்கு மேசை இருந்தது. அதன் பலகையில், பெட்டி உட்காரும் இடத்துக்கு நேர் கீழே, புதிதாக ஒரு ஓட்டை. ஓரத்தில் மரத்தூள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான் துளை போட்டேன்," என்றாள் அண்ணி மெதுவாக. "ஸ்பீக்கர் ஒயர் பெட்டிக்குப் போற மாதிரி தெரியும், இது வழியா கீழ லேப்டாப்புக்கு இறங்கிடும். இவரு இப்படி இருக்கிறத என்னால பாக்க முடியல. நீ இந்த ஒரு தடவை அமுக்கிடு."

அவள் சரி என்றாள். வீட்டுக்கு வந்து, பொத்தானையும் ஒலியையும் ஒன்றாக விழவைப்பதற்கு மூன்று நாள் பழகினாள். இதுவரை எந்த வாத்தியத்தையும் அவள் இத்தனை கவனமாகப் பழகியதில்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு மாடி நிரம்பிவிட்டது. அறுபது நாற்காலி; சுவரோரம் இன்னும் அதே அளவு பேர் நின்றார்கள். இவர்களில் யார் பழைய காது? முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் இளைஞனா? தொப்பிக்காரரா? யாரைப் பார்த்தாலும் அவர்தான் என்று தோன்றியது.

வாசித்தாள். டக்கும் ஒலியும் ஒன்றாகவே விழுந்தன. கீழே, மேசைத் துணிக்குள், லேப்டாப்பின் விசிறி சுழல்வது அவள் முழங்காலுக்குத் தெரிந்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அண்ணன் மைக்கை வாங்கிக்கொண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னான். பேட்டரி எத்தனை மணி நேரம் வரும், எப்போது கடைக்கு வரும், சாம்பல் நிறம் உண்டா.

கடைசி வரிசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. வேலையிலிருந்து நேரே வந்திருப்பார் போல.

"நான்தான் பழைய காது," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கூச்சத்தோடு சிரித்தார். "வாசிச்சவங்ககிட்ட ஒரு கேள்வி."

எல்லோர் முன்னாலும் துணியைத் தூக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்தாள்.

"நான் ஆஸ்பத்திரியில நடக்கப் பழக்குற வேலை பாக்குறேன்," என்று ஆரம்பித்தார் அவர். "கை கால் நடுங்குற வியாதி வந்தவங்க இருக்காங்க. அடுத்த அடி எடுத்து வெக்க நினைப்பாங்க, கால் தரையோட ஒட்டிக்கும். ஆனா பக்கத்துல ஒரு தாளம் ஓடுச்சுன்னா கால் தானா எழும்பும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேகம், ஒரு சத்தம். அதுக்குத்தான் இப்படி ஒண்ண தேடிக்கிட்டிருக்கேன். கூடவே எடுத்துக்கிட்டு நடக்கலாம், உடனே வேகத்த மாத்தலாம்." கொஞ்சம் நிறுத்தினார். "போன வருஷம் வேற ஒரு பெட்டி வெச்சிருந்தேன். ஒரு அம்மா நடந்துகிட்டிருக்கும்போது அது நடுவுல நின்னுடுச்சு. தாளம் நின்னதும் அவங்க காலும் நின்னுடுச்சு, உடம்பு நிக்கல. நான் பிடிக்கறதுக்குள்ள விழுந்துட்டாங்க. இடுப்பெலும்பு. அதுக்கப்புறம் அவங்க நடக்கவே இல்ல. அதான் கேக்குறேன். இது நடுவுல நிக்குமா?"

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

"நிக்காது சார்," என்றான் அண்ணன் மைக்கில். "எல்லா விதத்துலயும் சோதிச்சுப் பாத்தாச்சு."

"வாசிச்சவங்க சொல்லட்டும்," என்றார் அவர், கோபமில்லாமல்.

அண்ணன் அவளைப் பார்த்தான். சிறு வயதில் அப்பாவிடம் மாட்டிக்கொண்டால், காட்டிக்கொடுத்துவிடாதே என்று இப்படித்தான் பார்ப்பான். சுவரோரம் நின்ற அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு வார்த்தைதான், சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று தங்கை நினைத்தாள். கூடவே, யாரோ முகம் தெரியாத ஒருவர் வயிற்றில் இந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு நீள வராந்தாவில் காலெடுத்து வைப்பது கண்முன் வந்தது.

"நிக்கும்," என்றாள்.

குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "நிக்கும் சார். இப்ப நீங்க கேட்டது இதோட சத்தம் இல்ல."

துணிக்கு அடியில் கையை விட்டு லேப்டாப்பின் ஒயரைப் பிடுங்கினாள். ஸ்பீக்கர் ஒயரைப் பெட்டியில் சொருகுவதற்குள் இரண்டு முறை கை தவறியது. எட்டு ட்ராக்கையும் போட்டு ஓடவிட்டாள்.

ஓடியது. ஒரு நிமிடம் ஓடியது. லேப்டாப்பில் கேட்டதைவிட ஒலி கொஞ்சம் கரகரப்பாக இருந்தாலும் நன்றாகவே இருந்தது. இரண்டு நிமிடம். நிற்கும் என்று சொன்னவளே, நிற்காமல் ஓடிவிடேன் என்று உள்ளுக்குள் அதைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். மூன்றாவது நிமிடம் முடிவதற்குள் தாளம் அறுந்தது. ஒரே ஒரு ஒலி மட்டும் ஊவென்று இழுத்துக்கொண்டு நின்றது. அதை நிறுத்தக் கையை நீட்ட அவளால் முடியவில்லை. அண்ணன்தான் வந்து பேட்டரியை உருவினான்.

யாரோ சிரித்தார்கள். பல போன்கள் உயர்ந்திருந்தன. கடைசி வரிசைக்காரர் மட்டும், "சொன்னதுக்கு நன்றிம்மா," என்றுவிட்டு உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஜெயித்த களை எதுவும் இல்லை. ஏமாந்துபோனவர் போலத்தான் இருந்தார்.

காரில் அவளைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது அண்ணன், "என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்," என்றான்.

"எனக்கே தெரியாது அண்ணா."

அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

அதன்பின் நடந்தவை அவள் பயந்தபடியேதான் இருந்தன. அந்த மூன்று நிமிடம் ஊரெல்லாம் சுற்றியது. அவளை நடிகை என்றார்கள். அண்ணனை அதைவிடக் கேவலமாகப் பேசினார்கள். முன்பதிவில் பெயர் கொடுத்தவர்கள் கும்பல் கும்பலாகப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். பள்ளியின் தலைவி கூப்பிட்டு, "பேச்சு அடங்கட்டும், ஒரு மாசம் வராதீங்க," என்றாள். அந்த ஒரு மாதத்தில் போன் அடிக்கும்போதெல்லாம் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணன் பேசவில்லை. அண்ணி மட்டும் அவனுக்குத் தெரியாமல் கூப்பிடுவாள். "பின்னறைக் கதவையே திறக்கிறதில்ல. டிவி முன்னாடி உட்கார்ந்திருக்காரு. டிவி ஓடல." அதைக் கேட்ட இரவுகளில், தான் செய்தது சரிதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

ஆறாவது வாரம் அந்த ஆஸ்பத்திரிக்காரர் கடையில் எண் வாங்கி அண்ணனுக்குப் போன் செய்தார். அண்ணன் பேசாமல் வைத்துவிட்டான். மறுநாளும் செய்தார்.

"எனக்கு எட்டு வேண்டாம் சார்," என்றாராம். "ரெண்டு ட்ராக் போதும். ஒண்ணு காலுக்கு, ஒண்ணு மனசுக்கு. ஆனா நிக்கக் கூடாது."

அண்ணன், "எவ்வளவு நேரம் ஓடணும்?" என்று கேட்டிருக்கிறான்.

அன்று மாலையே பின்னறைக் கதவு திறந்தது. தாளத்துக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன சிப் வைத்தான். மற்றதெல்லாம் செத்துப்போனாலும் அது தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும். அதை முடிக்க ஐந்து மாதம் ஆயிற்று. ஒரு நாள் தங்கைக்குப் போன் வந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு அவன் குரல்.

"மூணு நாளா நிக்காம ஓடுது. எனக்கு நம்பிக்கை வரல. நீ வந்து கேளு."

போனாள். இரண்டு பேரும் மதியம் முழுக்க அதன் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணி வந்து எட்டிப்பார்த்துவிட்டுக் காபி வைத்துவிட்டுப் போனாள். அண்ணன் வேண்டுமென்றே மற்ற சிப்பை நிறுத்தினான். இசை அறுந்தது, தாளம் அறுபடவில்லை. "இன்னொரு தடவ நிறுத்து," என்றாள். நிறுத்தினான். அப்போதும் அறுபடவில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி வராந்தாவில் நின்றார்கள். நடக்க வந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். அவர் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை. அதை ஆஸ்பத்திரிக்காரர் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். இன்னொரு பக்கம் ஒரு நர்ஸ். பெட்டி தபால்காரரின் மார்பில் தொங்கியது. அண்ணன் வராந்தாவின் அந்தக் கோடியில் போய் நின்றுகொண்டான்.

பொத்தானை அவள்தான் அமுக்க வேண்டியிருந்தது. தாளம் புறப்பட்டது. தபால்காரரின் கால் நடுங்கியது, தரையில் ஒட்டிக்கொண்டது, பிறகு எழும்பியது. அவள் பின்னாலேயே போனாள். ஜன்னல்களை எண்ணினாள். அண்ணன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு காதை மட்டும் கொடுத்து நின்றான். பதினான்காவது ஜன்னல் வந்தபோது தபால்காரரின் கை அவன் சட்டையைத் தொட்டது. அப்போதுதான் கண்ணைத் திறந்தான்.

"அவ்வளவுதானா?" என்றார் தபால்காரர், மூச்சு வாங்க. "தெரு இதவிட நீளமாச்சே."

ஆஸ்பத்திரிக்காரர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தங்கையைப் பார்த்தான்.

"நிக்காதுன்னு இப்பவும் என்னால சொல்ல முடியாது," என்றாள் அவள். "பட்டைய விட்டுடாதீங்க."

"விடமாட்டேன்," என்றார் அவர்.

தபால்காரரை மெல்லத் திருப்பி நிறுத்தினார்கள். அவர் ஜன்னல்கள் பக்கம் பார்த்தபடி காலை எடுத்துவைத்தார். இம்முறை அண்ணன் கண்ணை மூடவில்லை. பக்கத்திலேயே, கையை நீட்டியபடி கூட நடந்தான்.